ஒருத்திக்காக உலை வைக்கலாமா?

வீட்டில் சமைப்பது உங்களுக்கு ஆறுதலா அலுப்பா என்று சென்ற இதழில் ஒரு வரியில் கேட்டிருந்தேன். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டும்தான் என்று ஒரே மூச்சில் சொல்கின்றன. அவற்றுள் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டேன். ஊரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை; வயது 66. கணவர் தவறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர் இருந்த காலத்தில் மூன்று கறியும் ஒரு சொதியும் இல்லாமல் நான் சோறு போட்டதில்லை. இப்போது காலையில் வெறுந்தேநீரும் விசுக்கோத்தும், மத்தியானம் சந்திக் கடையின் சோற்றுப் பார்சலும், இரவில் ஒரு பணிஸுமாகப் பொழுது போகிறது. ஒருத்திக்காக உலை வைப்பது வீண்வேலையாகத் தோன்றுகிறது. மகள் தொலைபேசியில், "அம்மா, சமைச்சீங்களா?" என்று கேட்டால் "ஓம்" என்று பொய் சொல்லிவிடுகிறேன். என்ன செய்யலாம்? – களுவாஞ்சிக்குடி வாசகி

பதில்: அன்புள்ள ரீச்சர், அந்தப் பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். என் கணவர் காலமாகி, முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வந்திருந்த உறவுகள் எல்லாம் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டுப் போன பிறகு, ஏறத்தாழ மூன்று மாதங்களைத் தேநீரிலும் விசுக்கோத்திலுமே ஓட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் தலை சுற்றி விழுந்தபோது, பார்த்த வைத்தியர் கேட்ட முதற்கேள்வி, "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதுதான். இருபத்தேழு ஆண்டுகள் மனையியல் படிப்பித்து, சமநிலை உணவைக் கரும்பலகையில் வட்டம் வரைந்து காட்டியவள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

உங்களுக்குச் சோம்பல் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். நாற்பது ஆண்டுகளாக உங்கள் சமையல், எதிரே இருப்பவர் முதற்பிடியை வாயில் வைத்த பின் அவர் முகத்தைப் பார்ப்பதோடு முடிந்துவந்த வேலை. அந்த முகம் இல்லாமற்போனதும் கை எங்கே நிறுத்துவது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறுகிறது. ஆகவே மனதைத் திருத்துவதை விட்டுவிட்டு முதலில் பாத்திரத்தை மாற்றுங்கள். ஆறு பேருக்குச் சோறாக்கிய பானையின் அடியில் ஒருத்திக்கான அரிசியைக் கண்டால் யாருக்கும் நெஞ்சு வெறுமையாகிவிடும். பெரிய பானைகளைப் பரணில் ஏற்றுங்கள். இரண்டு கையளவுள்ள மண்சட்டி ஒன்றும், அரைச் சுண்டு அரிசி வேகும் சிறிய பாத்திரம் ஒன்றும் வாங்குங்கள். அரைச் சுண்டு அரிசி ஒருவருக்கு ஒரு வேளைக்குத் தாராளமாகப் போதும்.

தேங்காய்தான் தனியாள் சமையலின் பெரிய வழக்கு. உடைத்தால் பாதி மிஞ்சுகிறது என்பதற்காகவே பலர் உடைப்பதில்லை. கண் உள்ள பாதி முதலில் பழுதாகும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கத்தில் கண்டது; அதை அன்றைக்கே திருவுங்கள். மற்றப் பாதியையும் அப்போதே திருவி, கைப்பிடி கைப்பிடியாகப் பொட்டலம் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் வைத்தால், அடுத்த நான்கு நாட்களுக்குத் திருவலையில் குந்த வேண்டியதில்லை. மீனையும் அப்படியே அரைக் கிலோவாக வாங்கி, கழுவி, உப்பும் மஞ்சளும் தடவி மூன்று பங்காகப் பிரித்து உறைய வையுங்கள். ஆனால் சூரை, சாளை போன்ற மீன்களை வாங்கும்போது ஐஸில் இருந்தனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். வெயிலில் கிடந்து அவற்றில் உண்டாகும் நஞ்சு, எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. உடம்பு தடித்துச் சிவக்கும், தலை இடிக்கும்.

முதல் நாளுக்கு ஒரு சொதி சொல்கிறேன். இரண்டு துண்டுப் பாரை மீன், நான்கு சின்ன வெங்காயம், கீறிய பச்சைக் கொச்சிக்காய் ஒன்று, இரண்டு பல் உள்ளி, கால் தேக்கரண்டி வெந்தயம், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள். மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உப்போடு ஒரு தம்ளர் இரண்டாம் பாலில் போட்டுக் கொதிக்க விடுங்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் மீனை இறக்குங்கள். இதற்குப் பிறகு அகப்பையை உள்ளே விடக்கூடாது. சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து இலேசாகச் சுழற்றினால் போதும், மீன் உடையாது. ஆறேழு நிமிடத்தில் மீன் வெந்துவிடும். அப்போது அரைத் தம்ளர் முதற்பாலை ஊற்றி நெருப்பைக் குறைத்து, ஓரத்தில் சிறு குமிழிகள் கட்டத் தொடங்கியதுமே இறக்கிவிடுங்கள். மண்சட்டி இறக்கிய பிறகும் சற்று நேரம் தன் சூட்டில் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பால் திரிந்துவிடும். தேசிக்காய்ப் புளி, சட்டி அடுப்பை விட்டு இறங்கிய பின்னரே.

இதைச் சட்டியோடு வைத்து, நின்றபடி, தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பிடாதீர்கள். அவருக்குப் போட்ட அதே நல்ல கோப்பையை எடுத்துக் கழுவி, மேசையில் வைத்து, நாற்காலியில் இருந்து சாப்பிடுங்கள். வயது ஏற ஏறத் தசை கரையும். அதைத் தாங்க மீன், முட்டை, பருப்பு, பயறு ஆகிய புரதம் நாளாந்தம் தேவை. விசுக்கோத்தில் மாவும் சீனியும்தான் உண்டு. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடைப் பார்சலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது சமைத்தவருக்குத்தான் வெளிச்சம்.

அயலாருக்கும் கொஞ்சம் கொடுக்கலாமே என்று கை துடிக்கும், எனக்கும் துடித்தது. கொடுங்கள், ஆனால் முதல் மாதம் வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகச் சமைத்தேன் என்று தொடங்கினால், அந்தப் பிள்ளை விடுமுறைக்குப் போன வாரம் மறுபடியும் பணிஸுக்குத் திரும்பிவிடுவீர்கள். மகள் அடுத்த முறை கேட்கும்போது "ஓம்" என்பதோடு நிறுத்தாமல் என்ன மீன், எவ்வளவு விலை என்பதையும் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதைக் கேட்பதற்காகவே தொலைபேசி எடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

கேள்வி: வந்தாறுமூலையில் அறை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அறையில் ஒரு ரைஸ் குக்கர் மட்டும் வைத்திருக்க வீட்டுக்காரர் அனுமதித்திருக்கிறார். இரவில் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுக் காசும் கரைகிறது, நெஞ்சும் எரிகிறது. சமைக்கலாம் என்றால் அறை நண்பன், "பொம்பிளை வேலை பார்க்கிறாய்" என்று கேலி செய்கிறான். – கிரானைச் சேர்ந்த மாணவன்

பதில்: தம்பி, உங்கள் கிரான் பக்கத்து வயல்களில் பெரும்போகத்துக்குக் காவல் இருப்பவர்களிடம், வாடியில் யார் சோறாக்குவது என்று அந்த நண்பனை ஒரு முறை கேட்டுவரச் சொல்லுங்கள். யானைக்கும் பன்றிக்கும் வெடி கொளுத்திவிட்டு வந்து, மூன்று கல்லின் மேல் பானை வைத்துச் சோறும் கருவாட்டுக் கறியும் ஆக்கித் தின்னும் அந்த மனிதர்களை யாரும் பெண்கள் என்று சொல்லிப் பார்த்ததில்லை.

குக்கர் ஒன்றே போதும். கழுவிய அரிசி ஒரு சுண்டு, மைசூர்ப் பருப்பு அரைச் சுண்டு, நறுக்கிய வெங்காயம், உள்ளி, மஞ்சள், உப்பு ஆகியவற்றோடு நாலு சுண்டு தண்ணீர் விடுங்கள். மேல் தட்டில் கழுவிய முட்டை இரண்டை வைத்துவிட்டால் அதுவும் ஆவியில் அவிந்துவிடும். பொத்தான் மேலே எழும்பியதும் ஒரு பிடி முருங்கையிலையைக் கிளறி மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். தேசிக்காய் பிழிந்து, அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாயோடு சாப்பிடலாம். இது இரண்டு பேருக்குக் காணும். கேலி செய்கிறவனுக்கும் ஒரு கோப்பை போடுங்கள், மூன்றாம் நாள் அவன் வெங்காயம் வெட்டுவான். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: மிஞ்சிய சோற்றைக் குக்கரிலேயே விட்டுவிட்டு மறுநாள் மத்தியானம் சூடாக்கித் தின்னாதீர்கள். ஆறிய சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையில் மிச்சம் வராத அளவுக்கு ஆக்குவதே புத்தி.

கேள்வி: சமைப்பது மனதுக்கு மருந்து என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் சுபஹுக்கு முன் எழும்பினால் இரவு பத்து மணிவரை அடுப்படியில்தான் நிற்கிறேன். வீட்டில் ஒன்பது பேர். ஆணத்தில் உப்புக் கூடினால் மட்டும் என் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எனக்கும் இது மருந்தா? – காத்தான்குடி வாசகி

பதில்: இல்லை, தங்கச்சி. உங்களுக்கு அது மருந்து இல்லை. மருந்து என்று எழுதுகிறவர்களுக்கு, "இன்றைக்கு எனக்கு ஏலாது, கடையில் வாங்குவோம்" என்று சொல்லும் வசதி இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாத வேலையைத் தன்னைப் பேணுதல் என்று அலங்காரமாக அழைப்பது, சுமை தூக்குபவரிடம் உடற்பயிற்சி நல்லது என்று சொல்வதற்குச் சமம். இந்தப் பகுதியில் நானும் சென்ற ஆண்டு அப்படி ஒரு பதில் எழுதியிருக்கிறேன்; இப்போது வாசித்தால் கூச்சமாக இருக்கிறது.

வீட்டைத் தலைகீழாக்கச் சொல்லி நான் இங்கே எழுதிவிட்டுப் போய்விடலாம். அதன் பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது நீங்கள். ஆகவே சண்டைக்கு இடம் கொடுக்காத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். சட்டியை இறக்கியதும், மற்றவர்களுக்குப் பரிமாறும் முன், உங்கள் பங்கை ஒரு கோப்பையில் போட்டு மூடிவையுங்கள். அதில் நடுத்துண்டு மீன் ஒன்று இருக்க வேண்டும். எல்லாரும் சாப்பிட்டெழும்பிய பின் சட்டியின் அடியில் கிடக்கும் குழம்பையும் வால் துண்டையும் கொண்டு சோற்றை முடிக்கும் பழக்கம் இந்தக் கரையோரம் முழுக்க, எந்தச் சமயத்து வீடானாலும், உண்டு. களைப்பு, மூச்சு வாங்குதல், நகம் வெளிறிப்போதல் ஆகியவற்றோடு வந்து நிற்கும் பெண்கள் பலருக்கு இரத்தச்சோகை இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. உங்களுக்கும் இவை இருந்தால் ஒரு முறை இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதையும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலைச் சாயம் உடம்பில் சேரவிடாது, தேசிக்காய் சேர்த்துக்கொடுக்கும்.

அடுத்தது நிற்பது. வெங்காயம் உரிப்பதும் கீரை ஆய்வதும் மீன் வெட்டுவதும் இருந்து செய்யும் வேலைகள். விறகடுப்பு என்றால் புகை போகும் வழியை முதலில் பாருங்கள். 2022இல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது விறகுக்குத் திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. கூரைக்குக் கீழே ஒரு ஓட்டை இல்லாத குசினியில் ஆறு மாதம் இருமியது இன்னும் நினைவில் இருக்கிறது.

கிழமையில் ஒரு இரவு அடுப்பை மூட்டாமல் விடுவதே கடைசிப் படி. உங்கள் ஊரில் வீட்டில் இருந்தபடியே இடியப்பம் அவித்து விற்கும் பெண்கள் இல்லாத ஒழுங்கை இருக்குமா? வியாழன் இரவு இடியப்பம் அங்கே வாங்குவது என்றும், சம்பலுக்குத் தேங்காய் திருவுவது மூத்த மகனின் வேலை என்றும் வைத்துக்கொண்டால், இன்னொரு பெண்ணின் கைக்கும் நாலு காசு போகும். மாமியிடம் இதை அனுமதி கேட்பதுபோல் கேட்காமல், "மாமி, வியாழன் இரவைக்கு இடியப்பத்துக்குச் சொல்லிட்டேன்" என்று செய்தியாகச் சொல்லிப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டார்கள். மனைவி எனக்கென்று தனியாக ஒரு உலை வைத்துக் களைத்துப்போகிறார். தனிச் சமையல் அவசியமா? – வெல்லாவெளி வாசகர்

பதில்: அவசியமில்லை, ஐயா. உங்களுக்கு ஆகும் சாப்பாடு வீட்டில் எல்லாருக்கும் ஆகும். கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் விடுங்கள், காற்பங்கு சோறு, காற்பங்கு மீனோ பருப்போ. சிவப்பரிசி என்பதற்காகச் சோற்றைக் குவிக்க வேண்டாம். எருமைத் தயிரை அளவாகச் சாப்பிடலாம்; அதன் மேல் போடும் சீனியும் பாணியும்தான் சிக்கல். மருந்தைப் பற்றி உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள். மிச்சப்படும் நேரத்தில் மனைவிக்குத் தேங்காய் திருவிக்கொடுங்கள்.

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதங்கள். அவர் கடைசியாக இடித்து வைத்த மிளகாய்த்தூள் பெரிய ஹோர்லிக்ஸ் போத்தலில் பாதி இருக்கிறது. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. தீர்ந்துவிடுமே என்று பயம். கடைத்தூளில் சமைத்தால் அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிறார். அடுப்படிக்குள் போனாலே அழுகை வருகிறது. – திருக்கோவில் வாசகி

பதில்: மகள், முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அழுகை வருவது இயல்பு; அடுப்படி அம்மாவின் அறை. ஆனால் வாரக்கணக்காக நித்திரையும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணமும் வருமானால், அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவையில் பேசலாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். அதற்குச் சமையல் மாற்று இல்லை.

இனி அந்தப் போத்தல். தூள் நெல் மாதிரி இருந்து காத்திருக்காது. எட்டு மாதத்தில் அதன் வாசம் பாதி போயிருக்கும், இன்னும் எட்டு மாதம் வைத்தால் நிறம் மட்டும் மிஞ்சும். அம்மாவின் கை அந்தத் தூளில் இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது பிழையில்லை, ஆனால் அதில் இருப்பது ஒரு கணக்கு. வாசம் இருக்கும்போதே அதை வைத்துக் கணக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டித் தூளை வெள்ளைக் காகிதத்தில் பரப்பிப் பாருங்கள். கடும் மண்ணிறமாக இருந்தால் அம்மா நன்றாகச் சிவக்க வறுத்தவர். செம்மஞ்சளாக இருந்தால் வெறுமனே காயவைத்து இடித்தவர். நுனிநாக்கில் முதலில் படுவது பெருஞ்சீரகத்தின் இனிப்பா, பின்னால் தொண்டையில் மிளகு நிற்கிறதா என்று பாருங்கள். அப்பாவையும் பக்கத்தில் இருத்துங்கள். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகிறவருக்கு இந்தத் தூளில் என்ன இருந்தது என்று மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கலாம். அம்மாவோடு சேர்ந்து தூள் இடித்த சித்தி, பெரியம்மா, அடுத்த வீட்டு அக்கா யாரும் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். "கண்ணளவுதான்" என்பார்கள், அந்தக் கண்ணளவை உங்கள் முன்னால் சுளகில் போட்டுக்காட்டச் சொல்லித் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு என் வீட்டு அளவைத் தருகிறேன், பிறகு உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். செத்தல் கொச்சிக்காய் 500 கிராம், மல்லி 500 கிராம், பெருஞ்சீரகம் 125 கிராம், சின்னச்சீரகமும் மிளகும் 50 கிராம் வீதம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் 25 கிராம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் ஒன்றாகக் கொட்டி வறுக்கக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் வேகம் வேறு. மல்லியைக் கையில் எடுத்து நசித்தால் நொறுங்க வேண்டும். வெந்தயம் ஒரு நிறம் மாறியதுமே இறக்க வேண்டும். இன்னொரு நிமிடம் விட்டால் முழுத்தூளும் கைத்துப்போகும். செத்தலைக் கடைசியில், அடுப்பை நன்றாகத் தணித்து, யன்னலைத் திறந்துவிட்டு வறுங்கள். முதலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் வறுத்து இடித்து, அம்மாவின் தூளுக்குப் பக்கத்தில் வைத்து மணந்து பாருங்கள். அம்மாவுடையது பழசானதால் இலேசாகத்தான் மணக்கும். அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ கிட்ட வரும்.

கிட்ட வந்ததும் முழு அளவையும் வறுத்து மில்லுக்குக் கொண்டுபோங்கள். உங்களுக்கு முன் அரைத்தவர் என்ன அரைத்தார் என்று கேட்டுப் பார்த்துக் கொடுங்கள். அரிசிமாவுக்குப் பின்னால் போனால் முதற்பிடித் தூள் வெளிறிப்போய் வரும். அம்மாவின் தூளில் மிஞ்சியதை ஞாயிறுகளில் அப்பாவின் மீன் கறிக்குப் போட்டுத் தீர்த்துவிடுங்கள். போத்தலைக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, புதுத்தூளை அதிலேயே நிரப்பலாம். மில்லிலிருந்து வந்த தூள் சூடாக இருக்கும். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறிய பிறகே போத்தலில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துத் தூள் கட்டிபட்டுவிடும்.